கட்டைவிரல் நகத்தில் ரத்தம்

அத்தியாயம் ஒன்பது

முதல் கல் போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலை உடைத்தது. இரண்டாவது கல் எலிசேயுவின் காபிக் கோப்பையை உடைத்தது.

"ஜன்னல் கவர்மெண்டோடது, போகட்டும்," என்றான் எலிசேயு, தொடையில் கொட்டிய சூட்டை உதறியபடி. "கோப்பை என்னோடது."

"குனிடா," என்றாள் அவன் மேலதிகாரி லெயோநீல்டா.

குனிந்தான். மூன்றாவது கல் அவன் காது இருந்த இடத்தின் வழியாகப் பறந்துபோய்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது.

வெளியே சாந்த்தா ஏலியா ஊரின் குதிரைக்காரர்கள் அத்தனை பேரும் திரண்டிருந்தார்கள். வருஷா வருஷம் மாதா கோயிலுக்குக் குதிரையில் யாத்திரை போகிற கூட்டம். இன்று மாதாவைத் தேடி வரவில்லை. தமாசியோவைத் தேடி வந்திருந்தார்கள்.

தமாசியோ மேசைக்கு அடியில் கிடந்தான். கரும்புச் சாராயம் காய்ச்சி விற்கிறவன். காலையில் போலீஸ் ஜீப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அவனைக் கவனித்துவிட்டிருந்தது. முன்பற்கள் இல்லை. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் உடைந்த விலா அவனை முனகவைத்தது.

யாத்திரை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரம் தியோபால்டோவின் பண்ணையில் விருந்து நடந்தது. மாடு அவருடையது, சாராயம் தமாசியோவினுடையது. அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். முதலில் கிளேபெர், பிறகு அவன் கூட்டாளி அதாவ்டோ. நெருப்பாய்க் காய்ச்சல், தலையைப் பிளக்கும் வலி, கடைசியில் உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளி. கிளேபெர் போன மாதம் தமாசியோவின் நாயைச் சாட்டையாலேயே அடித்துக் கொன்றவன். "நீ அழுகித்தான்டா சாவே" என்று தமாசியோ நடுச்சந்தையில் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. கிளேபெர் அழுகித்தான் செத்தான். ஊருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அவனை வெளிய அனுப்பு, தோனா லெயோநீல்டா!" கிளேபெரின் அண்ணன் வால்டெமீரின் குரல். குதிரை மேல் இருந்தபடி, கையில் சாட்டையோடு கத்தினான்; அந்த ஊரில் 'தோனா' என்றால் அம்மா, மரியாதை அவ்வளவோடு சரி. "இல்லைன்னா கதவோட சேர்த்து உன்னையும் உடைப்போம்!"

"கத்தறானே, அவன் மகளுக்கு ஞானத்தகப்பன் யாரு தெரியுமா பாஸ்?" என்றான் எலிசேயு. "மேசைக்கு அடியில இருக்காரு, பாருங்க. சொந்தபந்தம்னா இப்படி இருக்கணும்."

லெயோநீல்டா மண்டியிட்டுத் தமாசியோவின் முகத்தருகே குனிந்தாள். "விஷம் வெச்சியா?"

"அந்தக் கிளேபெர் நாயைக் கொல்ல..." ரத்தத்தைத் துப்பினான். "ஒரு பீப்பாய் நல்ல சாராயத்தைக் கெடுப்பனா நானு?"

"எல்லாரும் குடிச்சாங்களா?"

"பாதிரியார் வரைக்கும்."

"அப்புறம் ரெண்டு பேரு மட்டும் ஏன் செத்தாங்க?"

"அதை நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தானே சம்பளம்."

எலிசேயுவுக்குச் சிரிப்பு வந்தது. கதவில் கட்டையால் ஓங்கி ஒரு அடி விழுந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பெரிய ஊரிலிருந்து படை வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். இங்கே இருப்பது சார்ஜென்ட் குமெர்சிந்தோவும் அவருடைய பழைய துப்பாக்கியும்தான்.

"சார்ஜென்ட், கதவு உங்க பொறுப்பு," என்றாள் லெயோநீல்டா. "எலிசேயு, பின்வழியா வா."

"தப்பிச்சு ஓடுறோமா?"

"பொணம் பார்க்கப் போறோம்."

"அதுக்கு இங்கேயே இருந்தா போதுமே. கொஞ்ச நேரத்துல நாமளே ஆயிடுவோம்."

* * *

ஊர் மருத்துவமனையின் பின்னால் பிணவறை. கிளேபெரும் அதாவ்டோவும் பக்கத்துப் பக்கத்து மேசையில். டாக்டர் நாதீர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பல நாள் தூங்காத முகம்.

"விஷம், விஷம்னு சொல்லித்தான் தூக்கிட்டு வந்தாங்க," என்றாள். "வயித்தைக் கழுவினேன். வேற எதையும் யோசிக்கவிடாம சுத்தி நின்னு கத்தினாங்க. ரத்தம் சோதனைக்குப் போயிருக்கு. பதில் வர நாளாகும்."

லெயோநீல்டா புள்ளிகளைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். கிளேபெரின் வலது கையைத் தூக்கினாள், இடது கையைத் தூக்கினாள். பிறகு அதாவ்டோவின் கைகளை.

"எலிசேயு, இங்க வா. என்ன தெரியுது?"

குதிரைக்காரனின் கைகள். கயிறு அறுத்த தழும்பு, காய்ப்பு. விரல் நகங்களில் அழுக்கு. ஆனால் இரண்டு கட்டைவிரல் நகங்களில் மட்டும் கரும்பழுப்பாய் ஒரு கறை. சுருட்டுக்காரன் உதட்டில் ஏறுகிற மாதிரி, நாள்பட ஏறிய கறை. அதாவ்டோவுக்கும் அப்படியே. நகக்கண்ணில் சின்னச் சின்ன வெடிப்பு.

"பத்து விரல்ல ரெண்டு விரல் மட்டும் வேலை பார்த்திருக்கு," என்றாள் அவள். "என்ன வேலை?"

"பேன் குத்தியிருப்பானுங்க," என்றான் எலிசேயு.

வேடிக்கைக்குத்தான் சொன்னான். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எப்படிக் குத்துவே? காட்டு."

இரண்டு கட்டைவிரல் நகங்களையும் சேர்த்து அழுத்திக் காட்டினான். கறை இருந்த இடம் சரியாக அதுதான்.

"ரெண்டு பேருக்கும் தலை மொட்டை," என்றாள் லெயோநீல்டா. "யாரோட பேனை?"

எலிசேயு கொஞ்சம் யோசித்தான். பதினாறு வயதிலிருந்து கரும்பு வெட்டியவன். மேஸ்திரியின் குதிரையைத் தேய்த்துக் கழுவிவிட்டிருக்கிறான். "பேனில்லை பாஸ். உண்ணி. குதிரை காதுல கொத்துக் கொத்தா இருக்கும். பிடுங்கி நகத்துல வெச்சு ஒரு சொடக்கு. எல்லாரும் பண்றதுதான். நான் எத்தனை குத்தியிருக்கேன், செத்தா போனேன்?"

டாக்டர் நாதீர் சுவரிலிருந்து நிமிர்ந்தாள். "இவங்க குதிரை எங்கே மேஞ்சது?"

"யாத்திரையிலேர்ந்து தியோபால்டோவோட ஆத்தோரப் புல்வெளியிலதான் கட்டியிருக்காங்க," என்றான் எலிசேயு.

"என் நம்பர் இருக்கில்ல?" என்றாள் டாக்டர். "என்ன பார்த்தாலும் உடனே கூப்பிடுங்க. உடனே."

* * *

ஆகஸ்டு மாத வறட்சியில் பாதை புழுதியாய்ப் பறந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு லெயோநீல்டா முதலில் செய்த காரியம், பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்துப் பூட்ஸுக்கும் பேண்டுக்கும் சேர்த்து, ஏறுகிற உண்ணி ஒட்டிக்கொள்ளப் பசை வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றியதுதான்.

"கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி இருக்கீங்க பாஸ்."

"நீயும் சுத்து."

"என்னை யாரு பரிசா வாங்குவா?" என்று முனகினாலும் சுற்றிக்கொண்டான்.

புல்வெளி வாசலில் இரண்டு மரத்தூண்கள் நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. கதவில்லை, கம்பியில்லை.

"கோல் போஸ்ட்," என்றான் எலிசேயு. "பந்து எங்கே?"

லெயோநீல்டா தூணைத் தடவினாள். ஆள் உயரத்தில் போல்ட் துளைகள், இரண்டு தூணிலும் ஒரே மட்டத்தில். துரு வழிந்த தடம் மட்டும் மிச்சம். 

கீழே ஆற்றங்கரையில் கபிவாராக்கள் படுத்திருந்தன. பன்றிப் பருமனில் பத்திருபது, எலிக்கு அண்ணன்மார் மாதிரி, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு. செத்தவர்களின் குதிரைகள் இரண்டும் நிழலில் கட்டிக் கிடந்தன. எலும்பு தெரியாத உடம்பு, பளபளப்பு, வாளியில் முகத்தை விட்டு ஆனந்தமாய் மென்றுகொண்டிருந்தன. எலிசேயு ஒன்றின் காதைப் புரட்டினான். உள்ளே மிளகு கொட்டிவைத்த மாதிரி உண்ணிகள். பழக்கதோஷம், ஒன்றைப் பிடுங்கி நகத்தில் வைத்தான்.

அவன் மணிக்கட்டில் லெயோநீல்டாவின் கைத்துப்பாக்கியின் பிடி இறங்கியது.

"ஐயோ! கையை உடைக்கறீங்களே!"

"உடைஞ்ச கை ஒட்டிக்கும்."

கொட்டகையில் பண்ணைச் சமையல்காரி இராசெமா ஒரு பெரிய பலகை மேல் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நாலு கல் மேல் வைத்த பலகை. விருந்தன்று மாடு வெட்டியதும் இதில்தான் என்றாள். யார் யார் குடித்தார்கள் என்று கேட்டதற்குக் கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.

"யாரு குடிக்கலேன்னு கேளுங்க. நேர்த்திக்கடன் இருக்குன்னு ஒருத்தன் மட்டும் கொய்யாச் சாறு கேட்டு என் உசிரை வாங்கினான். மத்தவனுங்க பீப்பாய்க்குள்ள தலையை விடாத குறை."

"குதிரைக்கு உண்ணி எடுத்தது யாரு?"

"மூணு பேரு. குதிரையை இங்கேயே விட்டிருந்தவனுங்க. தினம் சாயங்காலம் வந்து உட்காருவானுங்க. உண்ணியை நகத்துல வெச்சு, பக்கத்து ஊர் எதிர்க் கூட்டத்துக்காரன் பேரு ஒண்ணு சொல்லி, டப்புனு ஒண்ணு. ஒவ்வொருத்தனையா கொன்னுட்டு ஒரே சிரிப்பு. கிளேபெரு, அதாவ்டோ, அப்புறம்..."

அவள் வாய் மூடிக்கொண்டது. கொட்டகை வாசலில் தியோபால்டோ நின்றிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளிக் கொக்கி பெல்ட். பின்னால் லாடம் அடிக்கிற சுத்தியலோடு ஒரு தடியன்.

"கேஸ் முடிஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேனே, தோனா லெயோநீல்டா? சாராயக்காரன்தானே?"

"முடிஞ்ச மாதிரிதான்," என்றாள் அவள். "ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பலகைக்கு நாலு மூலையிலயும் எதுக்கு போல்ட் ஓட்டை? சும்மா கல்லு மேல வைக்கிற பலகைக்கு போல்ட் எதுக்கு?"

தியோபால்டோவின் கண் ஒரு கணம் பலகைக்குப் போய்த் திரும்பியது. அது போதும்.

"எலிசேயு, மீனை எடுத்து வை."

மீனோடு சேர்த்துப் பலகையைப் புரட்டினான். அடிப்பக்கம் மஞ்சள் பெயிண்ட். நடுவில் கையகல உண்ணிப் படம், எட்டுக் கால்களோடு. கீழே சிவப்பில் கொட்டை எழுத்து: ஆபத்து. புள்ளிக் காய்ச்சல் பரவும் இடம். உண்ணியைக் கையால் நசுக்காதே.

"பந்து கிடைச்சிருச்சு பாஸ்," என்றான் எலிசேயு. 

சுத்தியல் வந்தது. எலிசேயு தலையைத் திருப்பியதால் அது தோளில் இறங்கியது. காரைச் சுவர் பெயர்கிற மாதிரி உள்ளே ஏதோ பெயர்ந்தது. இன்னொரு வீச்சுக்குத் தடியன் கையை ஓங்கினான். லெயோநீல்டா அவன் காலில் சுட்டாள். தடியன் மீன் குடலில் விழுந்து அலறினான். ஓடப் பார்த்த தியோபால்டோவின் மூக்கில் எலிசேயு தன் நெற்றியால் முட்டினான். தோள் வேலை செய்யாவிட்டாலும் தலை இருந்தது. கீழே விழுந்த வெள்ளைத் தொப்பி சிவப்பாயிற்று.

"போர்டை ஏன்யா கழட்டினே?" அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"போர்டு நின்னா எவன் புல்வெளிய வாடகைக்கு எடுப்பான்? சுகாதாரக்காரனுங்க வந்தானுங்க, குதிரைக்கு ரத்தம் எடுத்தானுங்க, ஏதோ இருக்குன்னானுங்க, போர்டை மாட்டிட்டுப் போனானுங்க." மூக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. "என்ன இருக்கு? குதிரையைப் பாரு! ஒண்ணாவது சோர்ந்து படுத்துச்சா? ஒண்ணாவது செத்துச்சா?"

"குதிரை சாகாது. அதான் எல்லாரும் ஏமாந்து போறீங்க. அது சுமக்கும். சாகறது அதைத் தேய்ச்சுக் கழுவறவன்." கைவிலங்கைப் பூட்டினாள். "மூணாவது ஆள் யாரு?"

 வாயைத் திறந்தது இராசெமா. மூலையில் ஒடுங்கி நின்றவள், அழுதுகொண்டே சொன்னாள்.

"வால்டெமீரு."

எலிசேயு இடது கையால் டாக்டருக்குப் போன் செய்து போர்டையும் வால்டெமீரையும் பற்றிச் சொன்னான். மறுமுனையில் நாதீர் தயங்கவில்லை. "சோதனை முடிவுக்குக் காத்திருந்தா பொணம்தான் மிஞ்சும். காய்ச்சல் வந்த முதல் சில நாள்ல மருந்து கொடுத்தாத்தான் பிழைப்பான். டாக்ஸிசைக்ளின் ஏத்தத் தயாரா வெக்கிறேன். எப்படியாவது கொண்டு வாங்க. அவன் இப்ப எங்கே?"

"ஸ்டேஷனை உடைச்சிட்டிருக்கான்," என்றான் எலிசேயு.

* * *

கதவு உடைந்திருந்தது. படியில் சார்ஜென்ட் குமெர்சிந்தோ மண்டை பிளந்து கிடந்தார், உயிர் இருந்தது. துப்பாக்கி இரண்டு துண்டாய் அவர் பக்கத்தில்.

சதுக்கத்தில் கூட்டம் வட்டமிட்டு நின்றது. வால்டெமீர் தன் செம்பட்டைக் குதிரை மேல் இருந்தான். சேணத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனை தமாசியோவின் இரண்டு மணிக்கட்டிலும் இறுகியிருந்தது. ஒரு சுற்று இழுத்தாயிற்று. கருங்கல் பாவிய தரையில் தோல் உரிந்த தடம் ஈரமாய்ப் பளபளத்தது.

"இன்னொரு சுத்து!" என்று எவனோ கத்தினான்.

லெயோநீல்டா ஜீப்பை நேராகக் கூட்டத்துக்குள் விட்டாள். ஆட்கள் சிதறினார்கள். குதிரை மூக்குக்கு முன்னால் பிரேக் அடித்து இறங்கினாள். ஜீப்பின் பின்சீட்டில் தியோபால்டோ தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

"வால்டெமீர், கீழ இறங்கு."

"வழி விடு தோனா." அவன் கண்கள் பழுக்கக் காய்ந்த அடுப்பு மாதிரி இருந்தன. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. சாட்டை பிடித்த கை நடுங்கியது. துக்கத்தில் நடுங்குகிறான் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். எலிசேயுவும் காலையில் அப்படித்தான் நினைத்தான்.

"தலை வலிக்குதா?" என்றாள் அவள்.

"என் தம்பி செத்திருக்கான்! தலை வலிக்காம?"

சாட்டை வீசினான். அவள் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரை ஒரு கோடு சிவந்து திறந்தது. அவள் பின்வாங்கவில்லை. சாட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். அவன் குனிந்தபோது அவன் கையுறையை உருவிச் சட்டைக் கையைக் கிழித்தாள்.

மணிக்கட்டைச் சுற்றிப் புள்ளிகள். உள்ளங்கையிலும். கிளேபெருக்கு இருந்த அதே கருஞ்சிவப்பு.

"பாருங்க எல்லாரும்!" என்றாள். "இது விஷம் இல்லை. இது காய்ச்சல்..."

அவள் முடிக்கவில்லை. வட்டத்திலிருந்து ஒரு பெண் ஓலமிட்டாள். "இவனுக்கும் வெச்சுட்டான்! இவனுக்கும் விஷம் வெச்சுட்டான்!"

 காப்பாற்ற எடுத்துக் காட்டியதே கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. கரும்பு வெட்டுகிற கத்தியோடு ஒருவன் வட்டத்துக்குள் நுழைந்தான். ஷெர்வாஸியோ, எலிசேயுவோடு ஒரே வயலில் வேலை பார்த்தவன். தமாசியோவின் முடியைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்தான். கத்தி உயர்ந்தது.

"அவனை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி!" எலிசேயு கத்தினான். தோள் வலியில் குரல் கிழிந்து வந்தது. "டேய் ஷெர்வாஸியோ, விருந்துல நீ குடிச்சியா?"

"குடிச்சேன். எல்லாரும்தான் குடிச்சோம்."

"வாந்தி எடுத்தியா?"

"அது எப்பவும் எடுக்கறதுதான்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சாகலையே?" இராசெமா சொன்ன கொய்யாச் சாறு நினைவில் தட்ட, எலிசேயு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். "இதோ, புள்ளி வந்திருக்கானே, இவன் என்ன குடிச்சான்?"

 லெயோநீல்டா அவனைப் பார்த்தாள், பிறகு வால்டெமீரை. "சொல்லு வால்டெமீர். அன்னைக்கு என்ன குடிச்சே?"

வால்டெமீர் சேணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.  கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து அவன் மனைவி பேசினாள், தாழ்ந்த குரலில், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"அவரு குடிக்கறதில்லை. பொண்ணு கால் நேராகி நடந்ததிலேர்ந்து மாதாவுக்கு நேர்த்தி. ஒரு வருஷம் சொட்டு தொடமாட்டேன்னு. அன்னைக்கு எல்லாரும் கேலி பண்ணீங்களே... கொய்யாச் சாறு மாப்பிள்ளைன்னு."

ஷெர்வாஸியோவின் கத்தி இறங்கியது. வெட்டவில்லை, தொங்கியது.

"ஒரு சொட்டு சாராயம் உள்ள போகாதவனுக்குச் சாராயத்துல விஷம் எப்படிப் போச்சு?" என்றாள் லெயோநீல்டா. "உண்ணி குத்தினீங்களேடா, தம்பியும் அண்ணனும் உட்கார்ந்து, நகத்துல வெச்சு. அதோட ரத்தம் நகக்கண் வெடிப்பு வழியா உள்ள போயிருக்கு. உன் பொண்ணோட ஞானத்தகப்பனை நீ தெருவுல இழுத்துக்கிட்டிருக்கே."

வால்டெமீர் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சேணத்திலிருந்து சரிந்தான். மூட்டை விழுகிற சத்தம். அதில் மிரண்ட குதிரை எலிசேயுவின் கையிலிருந்து கடிவாளத்தைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. கயிற்றின் முனையில் இன்னும் தமாசியோ இருந்தான்.

கல்லில் உடம்பு மோதி எழும்பியதை எலிசேயு பார்த்தான். லெயோநீல்டா துப்பாக்கியைத் தூக்கினாள், ஆட்களுக்கு நடுவே சுட முடியவில்லை. வட்டம் சுற்றித் திரும்பிய குதிரை ஷெர்வாஸியோவைத் தாண்டிய நொடியில், அவன் கரும்பை அடியோடு சாய்க்கிற அதே வீச்சில் கத்தியை இறக்கினான். கயிறு அறுந்தது. குதிரை மட்டும் தெருக்கோடிக்குப் போய் மறைந்தது.

"எனக்கென்ன தெரியும்," என்றான் ஷெர்வாஸியோ, யாரும் கேட்காமலே. "எனக்கென்ன தெரியும்?"

 கூட்டத்தின் கண் ஜீப்புக்குத் திரும்பியிருந்தது. பின்சீட்டில் கிடந்த மஞ்சள் பலகை. பக்கத்தில் கைவிலங்கோடு தியோபால்டோ. ஒருவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். முழுக்கப் படிக்கத் தேவைப்படவில்லை. உண்ணிப் படம் பெரிதாகவே இருந்தது.

"இவனா?" என்றது ஒரு குரல்.

"இவன்தான் போர்டைக் கழட்டினவனா?"

காலையில் ஸ்டேஷன் ஜன்னலுக்கு வந்த கற்கள் இப்போது ஜீப்புக்கு வந்தன. தியோபால்டோவின் காது கிழிந்தது. "காப்பாத்து தோனா! கொன்னுடுவானுங்க!"

"கொல்லுவாங்கதான்," என்றாள் லெயோநீல்டா. "எலிசேயு, ஏத்து!"

ஒற்றைத் தோளோடு தமாசியோவை இழுத்துப் போட்டான். வால்டெமீரைத் தூக்கியபோது அவன் உடம்பு கொதித்தது. காய்ச்சலில் கால்களை உதறினான், எலிசேயுவின் முழங்கையைக் கடித்தான். எலிசேயு அவன் தாடையில் ஒரு குத்து விட்டுப் படுக்கவைத்து, மேலே உட்கார்ந்துகொண்டான். ஜீப் கிளம்பியது. பின்கண்ணாடி நொறுங்கி எல்லார் மேலும் கொட்டியது.

"காலையிலேர்ந்து குற்றவாளியைக் காப்பாத்துறோம்னு நினைச்சா நிரபராதி," என்று கத்தினான் எலிசேயு. "இப்ப நிஜமாவே குற்றவாளியைக் காப்பாத்துறோம். ஒரு நாளாவது நேரா ஒரு வேலை பார்க்கவிடுவீங்களா பாஸ்?"

* * *

டாக்டர் நாதீர் வாசலிலேயே நின்றாள். வால்டெமீரின் கையில் ஊசி ஏறி மருந்து சொட்ட ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"பிழைப்பானா?" என்றாள் லெயோநீல்டா.

"நேத்து வந்திருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். ராத்திரி தாண்டட்டும். இந்தப் போர்டு அங்கேயே நின்னிருந்தா, மத்த ரெண்டு பேருக்கும் விஷம்னு நான் நினைச்சிருக்கமாட்டேன்."

தியோபால்டோவைப் பூட்டிவைக்க உறுதியான கதவு உள்ள அறை ஒன்றுதான் இருந்தது. பிணவறை. எலிசேயு அவரை உள்ளே தள்ளினான். "ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க. குதிரைக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

திரும்பி வந்தபோது, ஊர்க்காரர்கள் தூக்கி வந்திருந்த சார்ஜென்ட்டுக்குத் தலையில் தையல் நடந்தது; தமாசியோ வால்டெமீருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தான். முதுகு முழுக்கத் துணிக்கட்டு. கண் திறந்திருந்த அளவுக்கு வால்டெமீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வால்டெமீர் ஜன்னியில் எதையோ முணுமுணுத்தான். காது கொடுத்தால் கேட்டது: விஷம், விஷம்.

"டாக்டரம்மா," என்றான் தமாசியோ. "இவனை எப்படியாவது பிழைக்க வைங்க."

"பெரிய மனசுய்யா உனக்கு," என்றான் எலிசேயு.

"பெரிய மனசாவது. இவன் இப்படியே செத்தான்னா இவன் கடைசியா சொன்ன வார்த்தை அது. நான் நூறு வயசு வரைக்கும் விஷக்காரன்தான். சதுக்கத்துல இருந்தவனுக்குத் தெரியும், இல்லாதவனுக்கு?" மூச்சை இழுத்து வலியில் நின்றான். "எழுந்து நடுச்சந்தையில நின்னு இவன் வாயாலயே சொல்லணும். சொல்லி முடிச்சப்புறம் இவன் பல்லை நான் பார்த்துக்கறேன்."

வெளியே குளம்புச் சத்தம். ஒன்றிரண்டல்ல, நிறைய. லெயோநீல்டா எழுந்தாள். கன்னத்துக் கோட்டிலிருந்து ரத்தம் காலர் வரை இறங்கிக் காய்ந்திருந்தது. துப்பாக்கியில் என்ன மிச்சம் என்று பார்த்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எலிசேயு, உடைந்த தோளோடு, வேறு எதுவும் கிடைக்காததால் மருந்து தொங்கவிடும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

கல் வரவில்லை. முற்றம் முழுக்கக் குதிரைகள். இறங்கிய ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். முன்னால் ஷெர்வாஸியோ. ஒரு கையில் கத்தி. இன்னொரு கையின் சட்டையைச் சுருட்டி முழங்கை வரை ஏற்றி, கையை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான்.

"எனக்கும் நேத்திலேர்ந்து தலைவலி, தோனா," என்றான். "புள்ளி வரலை. ஆனா... ஒரு தடவை பார்க்கச் சொல்றீங்களா?"

லெயோநீல்டா துப்பாக்கியை உறையில் போட்டாள்.

"கத்தியை வாசல்ல வெச்சுட்டு வரிசையில நில்லு."